மனை வாங்குவோர் சபை

நமது பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் அறையில் பகல் இடைவேளைதோறும் ஒரு சபை கூடுகிறது. சாக்ஷாத் குபேரனே பார்வையாளனாக வந்து உட்கார்ந்தாலும் நாலு விஷயம் கற்றுக்கொண்டுதான் போவான். கணக்கு வாத்தியார் சதுர அடி விலை சொல்வார். தமிழ்ப் பண்டிதர் அதைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார். எல்லாம் குடியிருக்க அல்ல. வாங்கிப் போட்டு, வாடகைக்கு விட்டோ, விலை ஏறியதும் விற்றோ, பிள்ளைகளின் படிப்புக்கு வழி தேடத்தான். நாமும் அந்தச் சபையின் ஆயுள் அங்கத்தினரே.

ஆகையால் சபையைப் பழிக்க வரவில்லை. ஒன்றும் அறியாமல் தரகரிடம் போய் அகப்பட்டுக்கொள்வதைவிட, முன்னால் வாங்கினவர்களை விசாரிப்பது எவ்வளவோ மேல். ஆனால் 2014-ஆம் வருஷத்தில் நமக்கு நேர்ந்ததைச் சொல்லிவிட வேண்டும். தாம்பரத்துக்கு அப்பால் ஒரு மனைப்பிரிவு. சபையில் எட்டுப் பேர், "தயங்காமல் வாங்குங்கள்" என்றார்கள். எட்டுப் பேர் சொன்னால் பொய்யாகுமா? பிராவிடண்டு பண்டில் கடன் எடுத்து அரைக் கிரவுண்டு கிரயம் செய்துகொண்டோம். பிற்பாடுதான் தெரிந்தது, எட்டுப் பேருக்கும் சொன்னவர் ஒரே தரகர் என்று. நாம் கேட்டது ஒரே யோசனை. வந்தது எட்டு வாய்களிலிருந்து.

தரகர் காட்டிய 'அப்ரூவல்' பஞ்சாயத்துத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையுமே. நகரமைப்பு அதிகாரிகளின் அனுமதி அதில் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை ஹைகோர்ட் அத்தகைய மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2017-இல் சர்க்கார் வரன்முறைத் திட்டம் கொண்டுவந்து, கட்டணம் வாங்கிக்கொண்டு பழைய மனைகளுக்கு வழிவிட்டார்கள். தடை இருந்த மாதங்களில்தானா நம் தாயாருக்கு ஆபரேஷன் வர வேண்டும்! மனையை விற்க முடியவில்லை. பீரோவிலிருந்த வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின.

இதைவிட மனத்தை உறுத்தியது வேறொன்று. அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கு விஷயம் முன்பே தெரியுமாம். "ஏன் ஐயா சொல்லவில்லை?" என்றோம். "சொன்னால் நம் மனைகளுக்கும் விலை இறங்கிவிடுமே, சார்!" என்றார். அவர் அயோக்கியரல்ல, நல்ல மனிதர். ஆனால் அங்கே அவருக்கு இரண்டு மனை இருந்தது. அன்று முதல், யோசனை சொல்கிறவரிடம் நாம் முதலில் கேட்பது, "அங்கே உங்களுக்கு இடம் உண்டா? உங்களுக்கு யார் சொன்னார்?" என்பதுதான். சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும்.

சபையில் அடிக்கடி அடிபடும் வில்லங்கச் சான்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் பதிவான தஸ்தாவேஜுகள்தான் தெரியும். பதிவு செய்யாத உயில் தெரியாது. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு உண்டென்று 2005-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் சொல்கிறது. கையெழுத்துப் போடாத சகோதரி எந்தச் சான்றிலும் எழுந்து நின்று குரல் கொடுக்கமாட்டாள். கோர்ட்டில்தான் கொடுப்பாள். பிறகு, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவானால், 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டப்படி விற்பனைக்கு முன் பதிவாகியிருக்க வேண்டும். அதை விற்றுக்கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். எண்ணைக் கேட்டால் எந்த யோக்கியரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

போன வாரம் புதிதாக வந்திருக்கும் சயன்ஸ் டீச்சர் ஒரு வரைபடத்தைச் சபையில் விரித்தார். அட்வான்ஸ் கொடுக்க இரண்டு நாள்தான் கெடுவாம். வழக்கம்போல் ஐந்தாறு பேர், "விடாதீர்கள்!" என்றார்கள். தேநீர் கொண்டுவந்த பியூன் எட்டிப் பார்த்தார். அவர் அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். அங்கே அவருக்கு விற்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை.

"டீச்சர், அந்த இடத்தை ஐப்பசி மழையிலே வந்து பாருங்க. நாங்க அங்கே மீன் பிடிச்சிருக்கோம்" என்றார்.

சபை நிசப்தமாயிற்று. டீச்சர் வரைபடத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கெடு தப்பினால் தப்பட்டும் என்று, முதல் பெருமழைக்கு மறுநாள் டீச்சரும் பியூனும் நாமுமாகப் போய்ப் பார்த்து வருவதாக ஏற்பாடு.