குழாய்த் தண்ணீரின் சொந்த ஊர்

அட்லாண்டாவுக்கு ஆறு இல்லை என்றுதான் பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இருக்கிறது, ஊர்தான் அதைப் பார்த்து உட்காரவில்லை. 1837-இல் ரயில்பாதைக்கு அளவெடுக்க வந்தவர்கள், பாதை முடியும் இடம் இதுதான் என்று காட்டுக்குள் ஒரு முளை அடித்தார்கள். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இந்த மாநகரம். முதல் பெயரே டெர்மினஸ். துறைமுகம் கிடையாது, படித்துறை கிடையாது. சாட்டஹூச்சி ஆறு வடமேற்கு ஓரமாக ஒதுங்கிப் போகிறது. 285 வட்டச்சாலையில் அதைத் தாண்டும்போது நம் கண் முன்னால் போகும் லாரி மேல்தான் இருக்கும், பாலத்துப் பெயர்ப்பலகை மேல் இருக்காது. ஆனால் காலையில் இங்கே பெரும்பாலான வீடுகளில் காபிக்கு வைக்கிற தண்ணீர் அந்த ஆற்றுத் தண்ணீர்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் ஒரு கேள்வி வரும்: நாளைக்கு எங்கே போகலாம்? ஸ்டோன் மவுண்டன், சட்டநூகா, ரிவர்டேல் பெருமாள் கோயில் என்று வழக்கமான பதில்களும் வரும். என்னைக் கேட்டால், குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள் என்பேன். ஏறக்குறைய நூறு மைலில் ஆறு பிறக்கிற இடத்துக்கே போய்விடலாம். அழகான சாலைகளும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன.

முதல் நிறுத்தம் பியூஃபர்ட் அணை. ராணுவப் பொறியாளர் படை 1950-களில் கட்டியது. கொளுத்துகிற ஜூலையிலும் அணைக்குக் கீழே ஆற்றில் கால் வைத்தால் விறைக்கும். ஏரியின் அடியாழத்திலிருந்து திறந்துவிடுகிற தண்ணீர் அது. அந்தக் குளிரை நம்பித்தான் மலையோடைகளில் வாழ வேண்டிய டிரவுட் மீன் இங்கே சமவெளியில் வாழ்கிறது. மின்சாரத்துக்காகத் தண்ணீர் திறக்கும்முன் சங்கு ஊதுவார்கள். கேட்டதும் கரையேற வேண்டும். "இன்னும் அஞ்சு நிமிஷம்ப்பா" என்கிற பிள்ளையின் பேச்சு அங்கே எடுபடாது.

அணைக்குப் பின்னால் இருப்பது லேனியர் ஏரி. சிட்னி லேனியர் என்ற ஜார்ஜியாக் கவிஞரின் பெயர். சாட்டஹூச்சியைப் பற்றி அவர் 1877-இல் எழுதிய கவிதையில், நாணலும் மரங்களும் கற்களும் இரு, இரு என்று கெஞ்ச, ஆறு எதற்கும் நிற்காமல் சமவெளியின் கடமைகளை நோக்கி ஓடும். அந்த ஆற்றை மறித்துக் கட்டிய ஏரிக்குத்தான் அவர் பெயரை வைத்தார்கள். 2007 வறட்சியில் ஏரி முழுக் கொள்ளளவு மட்டத்துக்கு இருபது அடி கீழே போய்விட்டது. படகுத்துறைகள் செம்மண் மேட்டில் நின்றன. அன்றைய ஆளுநர் சோனி பெர்டூ நவம்பரில் தலைமைச் செயலகப் படிக்கட்டில் ஆட்களைக் கூட்டி மழைக்காக ஜெபம் நடத்தினார். வருண ஜபம் நமக்கு மட்டும் சொந்தமில்லை.

ஏரியின் மேற்குக் கரை ஃபோர்சைத் கவுன்ட்டி. இன்று கம்மிங் பக்கம் வீடு வாங்குகிற நம்மவர்கள் பள்ளிக்கூடத்தின் தரத்தை விசாரிப்பார்கள், வீட்டு வரியை விசாரிப்பார்கள், 1912-ஐ விசாரிப்பதில்லை. அந்த ஆண்டு இந்தக் கவுன்ட்டியிலிருந்த கறுப்பின மக்கள், சுமார் 1,100 பேர், சில வாரங்களுக்குள் மிரட்டியும் கொளுத்தியும் விரட்டப்பட்டார்கள். நிலம், தேவாலயம், விளைந்து நின்ற பயிர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினார்கள். ஆஸ்கர்வில் என்ற கறுப்பர் ஊரை ஏரி மூழ்கடித்தது என்று ஒரு கதை இப்போது சுற்றுகிறது. ஏரியில் பேய் இருக்கிறது என்பது அதன் தொடர்ச்சி. தண்ணீர் வந்தது 1956-இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பே மனிதர்களை மனிதர்கள் துரத்திவிட்டார்கள். பழியை ஏரி மேல் போடுவது எல்லாருக்கும் வசதியாக இருக்கிறது.

அடுத்து கெயின்ஸ்வில். கோழிப்பண்ணைத் தொழிலின் தலைநகர். பொரித்த கோழியை முள்கரண்டியால் சாப்பிடக் கூடாது என்று 1961-இல் விளம்பரத்துக்காக ஒரு நகராட்சிச் சட்டமே போட்டார்கள். கையால் சாப்பிடச் சட்டம் போட்ட ஊர் என்பதால் நமக்கு அதன்மேல் ஒரு மரியாதை இருக்கலாம். மற்றபடி பெட்ரோல் போட்டுக்கொண்டு 129-இல் வடக்கே ஏறுவதுதான் உத்தமம். கிளீவ்லாந்தில் முட்டைக்கோஸ் பாத்தியில் பொம்மைகள் "பிறக்கிற" ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது. பெண் குழந்தை கூட இருந்தால் பணப்பையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஹெலனுக்கு ஒன்றிரண்டு மைல் முன்னால், சாலையோரப் புல்வெளியில் ஒரு மண்மேடு. அதன் உச்சியில் வெள்ளை மரமண்டபம். சுற்றிலும் மாடுகள் மேயும். எல்லாரும் படம் எடுக்கிற இடம். மேடு, ஐரோப்பியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கிருந்த பூர்வகுடிகள் எழுப்பியது. 1915-இல் தோண்டியபோது உள்ளே கல்லறைகள் இருந்தன. மண்டபம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நிலத்துக்காரர் அழகுக்காக வைத்தது. படம் எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு மண்டபம்தான் வேண்டும்.

ஹெலன் மரம் அறுக்கும் ஊராக இருந்தது. மலையில் மரம் தீர்ந்ததும் ஊரும் தீர்ந்தது. 1969-இல் சில வியாபாரிகள், ராணுவத்தில் இருந்தபோது ஜெர்மனியைப் பார்த்திருந்த ஜான் கோலாக் என்ற ஓவியரிடம், இந்தக் கடைத்தெருவை எப்படியாவது கண்ணுக்கு லட்சணமாக்க முடியுமா என்று கேட்டார்கள். அவர் பவேரிய மலைக்கிராமமாக வரைந்து கொடுத்தார். ஊரே அதன்படி வேஷம் கட்டிக்கொண்டது. இன்று எரிபொருள் நிலையத்துக்கும் சரிவுக்கூரை, மரப்பலகணி. போலி என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் மரம் வெட்டிச் செத்த ஊர், வேஷம் போட்டுப் பிழைத்தது என்பது ஒன்றும் சின்ன சாமர்த்தியம் இல்லை. கண்ணாடிக்கூண்டில் அடைத்து விற்கிற ஜெர்மன் தின்பண்டங்களைவிட ஊர் நடுவே முழங்கால் ஆழத்தில் ஓடுகிற சாட்டஹூச்சிதான் எனக்கு முக்கியம். ரப்பர் வளையத்தில் உட்கார்ந்து ஆயிரம் பேர் மிதந்து போகிற அதே தண்ணீர்தான் கீழே லேனியர் ஏரியில் தேங்கி, சுத்திகரிக்கப்பட்டு, நம் வீட்டுக்கு வருகிறது. சுத்திகரிப்பு நிலையங்களின் மேல் நம்பிக்கை வைப்போம்.

இனிமேல்தான் சாலை. ஹெலனிலிருந்து 75-இல் ஏறினால் யூனிகாய் கணவாய். அதற்கு வடக்கே பெய்கிற மழை ஹைவாசி, டென்னசி, மிசிசிப்பி என்று பெரிய சுற்றுப் போய்க் கடலில் சேரும். தெற்கே பெய்வது நம் ஆறு. கணவாயைத் தாண்டி இறங்கி, 180-இல் இடப்பக்கம் திரும்பினால் ஜாக்ஸ் கணவாய். அங்கிருந்து ஒரு கிளைச்சாலை ஜார்ஜியாவின் மிக உயர்ந்த சிகரமான பிராஸ்டவுன் பால்டுக்கு ஏறுகிறது: 4,784 அடி. வானம் தெளிவாக இருந்தால் மேலிருந்து நான்கு மாநிலங்கள் தெரியும். திரும்பும்போது 348-ஐப் பிடியுங்கள். ரிச்சர்ட் ரஸ்ஸல் நெடுஞ்சாலை என்று பெயர். கடை கிடையாது, விளம்பரப்பலகை கிடையாது, கைபேசிக்கு சிக்னலும் அநேகமாகக் கிடையாது. வரைபடத்தை முன்னதாகவே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. ஹாக்பென் கணவாயில் வண்டியை நிறுத்தினால் மலை வரிசை நீலத்தில் நீலமாக அடுக்கடுக்காய்ப் போகும்.

இந்தக் காட்டைப் பார்த்தால் ஆதியிலிருந்து இப்படியே இருந்தது போலத் தோன்றும். இல்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தச் சரிவுகள் மொட்டையாகக் கிடந்தன. ஹெலனில் அறுபட்டதெல்லாம் இங்கிருந்து போன மரம்தான். அரசு அந்த நிலங்களை வாங்கிச் சேர்த்து 1936-இல் சாட்டஹூச்சி தேசியக் காடாக்கியது. மான்கூட அற்றுப்போயிருந்தது. ஆர்தர் வுடி என்ற வனக்காவலர் 1920-களில் மான்குட்டிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து வளர்த்து விட்டார். இப்போது சாயங்காலம் இந்தச் சாலையில் மான் குறுக்கே பாயாமல் இருந்தால்தான் அதிசயம். மெதுவாக ஓட்டுங்கள்.

ஆற்றின் ஊற்றைப் பார்க்க ஆசையிருந்தால் ஜாக்ஸ் கணவாயிலிருந்து இரண்டு மைலுக்குச் சற்று மேல் நடக்க வேண்டும், ஏற்றம்தான். சாட்டஹூச்சி கணவாய்க்குக் கொஞ்சம் கீழே வேர்களுக்கும் கற்களுக்கும் நடுவே தண்ணீர் கசிகிறது. ஒரு தம்ளர் நிறையக் காத்திருக்க வேண்டிய அளவுதான். பிள்ளைகள் "இவ்வளவுதானா?" என்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம். கீழே அது 430 மைல் ஓடப் போகிறது என்பதைக் காரில் ஏறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

எப்போது போவது என்பதிலும் எனக்கு ஒரு கருத்து உண்டு. அக்டோபர் கடைசியில் இலைகள் நிறம் மாறும்போது போவதுதான் மரபு. அப்போது ஹெலனில் பீர் திருவிழாவும் நடக்கும். இரண்டும் சேர்ந்தால், சனிக்கிழமை பகலில் அந்த ஒற்றைத் தெருவைக் கடப்பதற்குள் எடுத்துப்போன புளியோதரை தீர்ந்துவிடும். ஏப்ரலில் காட்டுக்குள் டாக்வுட் வெள்ளையாகப் பூத்திருக்கும். கூட்டம் பாதிகூட இருக்காது. இலைதான் வேண்டும் என்றால் வெயில் ஏறும்முன் கணவாயில் இருங்கள். வழியில் வேகவைத்த வேர்க்கடலை என்று கையால் எழுதிய பலகையைப் பார்த்தால் நிறுத்தாமல் போகாதீர்கள். தோலோடு, உப்புத் தண்ணீரில், கொதிக்கக் கொதிக்க அள்ளித் தருவார்கள். நம் ஊர்க் கடலைக்காரர்களுக்கும் இந்த மலைக்காரர்களுக்கும் இதில் ஒரு கருத்து வேற்றுமையும் இல்லை. காரம் போட்ட கேஜன் வகை வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும்.

இந்த ஆற்றுத் தண்ணீர் கடைசியில் போய்ச் சேர்வது ஃப்ளோரிடாவில், அப்பலாச்சிக்கோலா விரிகுடாவில். ஆற்று நீரும் கடல் நீரும் அளவாகக் கலந்தால்தான் அங்கே சிப்பி விளையும். இந்தத் தண்ணீரில் யாருக்கு எவ்வளவு என்று அலபாமா 1990-இல் வழக்குக்குப் போனது. ஃப்ளோரிடா பிறகு உச்ச நீதிமன்றம் வரை போய், மேலே இருப்பவர்கள் தண்ணீரைக் குடித்துத் தீர்த்ததால்தான் சிப்பி அழிந்தது என்றது. 2020 டிசம்பரில் சிப்பி எடுப்பதையே அந்த மாநிலம் நிறுத்தி வைத்தது. மறு ஆண்டு நீதிபதிகள் ஒருமனதாக, ஜார்ஜியாதான் காரணம் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தார்கள். காவிரிச் செய்தி படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த வழக்கில் எல்லாமே தெரிந்த வாதம்தான். ஒரே வித்தியாசம், இங்கே நாம் கர்நாடகத்தில் குடியிருக்கிறோம்.

அப்பலாச்சிக்கோலா ஐந்தாறு மணி நேர ஓட்டம். சனி, ஞாயிறில் அடங்காது; திங்கள் விடுமுறையும் சேர்ந்து வருகிற வாரம் பார்த்துப் போகலாம். பழைய ஊர், நல்ல மீன் சாப்பாடு. சிப்பி எடுத்துப் பிழைத்த பெரியவர் யாராவது படகுத்துறையில் பேச்சுக் கொடுத்தால், எந்த ஊர் என்பதை மட்டும் எடுத்த எடுப்பில் சொல்லிவிட வேண்டாம்.