மீன் சந்தையில் உட்கார்ந்தவர்கள்

எங்கள் பூங்காவில் மாலை ஆறு மணிக்குக் கூடும் பெஞ்சு மகாசபையைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். ஏழெட்டுப் பேர், எல்லோரும் பென்ஷன் பேர்வழிகள். சுண்டலைக்கூட உப்பில்லாமல் சாப்பிடுகிறவர்கள், போர் என்று பேச்சு வந்தால் மட்டும் "ஒரே அடியா அடிச்சு முடிச்சிடணும் சார்" என்பார்கள். எதிர்த்து ஏதாவது சொன்னால் அடுத்த அஸ்திரம் வரும்: "நீங்களும் நானும் என்ன சார் பண்ண முடியும்? ஏவுகணையைக் கையாலயா பிடிக்க முடியும்?"

இதற்கு நான் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சிதான் இந்தப் பதிவு.

1988-ல் வேலூர் பக்கம் ஒரு சின்ன தபாலாபீசில் இருந்தேன். தெருவுக்குப் பத்துப் பேர் ராணுவத்தில் இருக்கும் ஊர். இலங்கைக்கு நம் அமைதிப்படை போயிருந்த சமயம். ஒரு நாள் டெலிபோனில் வந்த தந்தியை நான்தான் எழுதி எடுத்தேன். தந்தி கொடுப்பவர் அன்று லீவு. நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா திண்ணையில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என்னா தம்பி, பணம் அனுப்பிகீறானா?" என்றார். தந்தி இங்கிலீஷில் இருந்தது. நான்தான் படித்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் படையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. நான் பார்த்தது ஒரு திண்ணையைத்தான்.

இத்தனை பார்த்த நானே, எல்லையில் சண்டை மூண்டபோது ஒரு குண்டுவீச்சு வீடியோவை ஆறு குழுக்களுக்கு அனுப்பினேன். "தாத்தா, இது வீடியோ கேம்" என்றான் பேரன். வெட்கமாக இருந்தது. பொய்யை அனுப்பியதற்காக மட்டும் இல்லை. குண்டு விழுவதை ரசித்திருக்கிறேனே, அதற்காக.

சரி, சாதாரண ஜனங்களால் என்ன முடியும்? லைபீரியாவைப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் சின்ன நாடு. 1989-லிருந்து இரண்டு உள்நாட்டுப் போர்கள். லட்சக்கணக்கில் சாவு. சிறுவர்களுக்குப் போதை மருந்து கொடுத்துக் கையில் துப்பாக்கியும் கொடுத்தார்கள். 2003-ல் லேமா போவீ என்ற சமூகப் பணியாளரும் அவருடைய தோழிகளும் தலைநகர் மன்ரோவியாவில், அதிபர் சார்லஸ் டெய்லரின் கார்கள் போகும் சாலையோரம், மீன் சந்தைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சட்டை. கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் சேர்ந்து, வெயிலிலும் மழையிலும், நாள்தோறும். அவர்களில் பலர் சந்தையில் வியாபாரம் செய்து பிழைப்பவர்கள். கேட்டது ஒன்றுதான்: சண்டையை நிறுத்து.

ஏப்ரலில் டெய்லர் அவர்களை அழைத்துப் பேச வேண்டி வந்தது. ஜூனில் கானா நாட்டில் பேச்சுவார்த்தை ஆரம்பித்தது. தளபதிகள் நல்ல ஓட்டலில் தங்கி வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். ஊரில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. ஜூலையில் பெண்கள் கூட்ட அறையின் வாசலிலேயே கைகோத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒப்பந்தம் இல்லாமல் யாரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது, என் துணியைக் களைவேன் என்று போவீ எழுந்து நின்றார். தாய் ஒருத்தி அப்படிச் செய்தால் அது சாபம் என்பது அந்த மண்ணின் நம்பிக்கை. காவலர்கள் பின்வாங்கினார்கள். நடுவராக இருந்த நைஜீரிய முன்னாள் அதிபர் அபுபக்கர் வெளியே வந்து அவர்களோடு பேசினார். ஆகஸ்ட் 11-ல் டெய்லர் பதவி விலகினார். 18-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பெஞ்சு மகாசபை உடனே எழுந்து நிற்கும் என்று தெரியும். "டெய்லர் மேல போர்க்குற்ற வழக்கு இருந்தது, கிளர்ச்சிப்படை தலைநகர் வரைக்கும் வந்துடுச்சு, வல்லரசுகளோட நெருக்கடி வேற. பெண்களா நிறுத்தினாங்க?" நியாயமான கேள்வி. அவர்கள் மட்டும் நிறுத்தவில்லைதான். ஆனால் அந்த நெருக்கடியெல்லாம் இருந்தும் அறைக்குள் இருந்தவர்கள் யார் எந்த மந்திரி பதவியை எடுத்துக்கொள்வது என்றுதான் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். செத்துக்கொண்டிருந்த ஜனங்களைப் பற்றிப் பேச வைத்தது வாசலில் இருந்த கூட்டம்.

கையெழுத்தானதும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடவும் இல்லை. துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கும் வேலைக்கு உதவினார்கள். 2005 தேர்தலுக்குப் பெண்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்கச் சந்தை சந்தையாகப் போனார்கள். எலன் ஜான்சன் சர்லீஃப் அதிபரானார். 2011-ல் அவருக்கும் போவீக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது.

நம்மிடம் மீன் சந்தை இல்லை. கைப்பேசி இருக்கிறது, ஓட்டு இருக்கிறது, வேண்டிய அளவு நேரம் இருக்கிறது. போர் ஒரு அரசியல்வாதியின் மேஜையில் மட்டும் ஆரம்பிப்பதில்லை. கைதட்ட ஆள் இருக்கிறார்கள் என்ற தைரியம் அவருக்கு வேண்டும். அந்தத் தைரியத்தை நாம் கொடுக்காமல் இருக்கலாம். உறுதிப்படுத்தாத வீடியோவை நம் கையோடு நிறுத்தலாம். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், சமாதானப் பேச்சுக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்கலாம். பேரப்பிள்ளைகள் காதுபட எதிரி நாட்டு ஜனங்களைப் பூச்சி, புழு என்று பேசாமல் இருக்கலாம். இது கோழைத்தனம் என்றால், துப்பாக்கிக்கு முன்னால் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தவர்களை என்னவென்று சொல்வது?

நாளை மாலையும் அந்தப் பெஞ்சுக்குப் போவேன். "அடிச்சு முடிச்சிடணும்" என்று யாராவது ஆரம்பித்தால், இந்த முறை அந்தத் திண்ணையைப் பற்றிச் சொல்லப்போகிறேன். எப்படியும் உட்காரத்தானே போகிறோம்!