வெட்கத்தைவிட உயிர் பெரிது



செம்பனை முள் காலில் குத்தினால் உடனே கிளினிக்குக்கு ஓடுகிறோம். ஆனால் விரையில், அதாவது விதை என்று சொல்கிறோமே, அங்கே ஒரு கட்டி இருந்தால்? கட்டின மனைவியிடம்கூட வாய் திறப்பதில்லை. "வலியில்லையே, கிடக்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். தோழர்களே, வலிக்காத கட்டிக்குத்தான் முதலில் பயப்பட வேண்டும்!

பின்னாளில் விந்தாகவோ முட்டையாகவோ மாறவேண்டிய அணுக்கள் கெட்டு வளர்வதே கருவணுக் கட்டி. இது அபூர்வமான நோய்தான். ஆனாலும் பச்சைக் குழந்தைக்கும் வரும், பெரியவருக்கும் வரும். குழந்தைக்கு வால் எலும்புப் பக்கம் வீக்கம் காணலாம். வயதுப் பெண்ணுக்குச் சூலகத்தில் கட்டி வளர்ந்து வயிறு பெருக்கலாம். 15 முதல் 35 வயது வரையுள்ள வாலிபர்களுக்குப் பெரும்பாலும் விரையில் வரும்.

இதைப் பூச்சி, வாயு, குடலிறக்கம் என்று நாமே தீர்ப்புச் சொல்லலாமா? எண்ணெய் தடவி, மந்திரித்து மாதங்களைக் கடத்தலாமா? பெண்பிள்ளையின் வயிறு பெருத்தால் லயத்தில் பழி பேசுகிறவர்கள் முதலில் வாயை மூடட்டும். அந்தப் பிள்ளைக்குத் தேவை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும்தான்.

ஆண் குழந்தைக்கு 6 மாதமாகியும் விரை இறங்கவில்லையா? டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியே விட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுதல். வாலிபர்களே, மாதம் ஒருமுறை குளித்தபின் விரல்களால் உருட்டிப் பாருங்கள். கல்போல ஏதாவது தட்டுப்பட்டால் தாமதிக்காதீர்கள்.

பயந்து ஒளியவும் வேண்டாம். ஒரு காலத்தில் விரைப் புற்றுநோய் உடலில் பரவிவிட்டால், பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. 1974இல் அமெரிக்காவின் இண்டியானாவில் டாக்டர் எய்ன்ஹார்ன் சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கத் தொடங்கினார். நிலைமை தலைகீழானது. இன்று பரவிய பிறகு வருகிறவர்களிலும் பத்தில் எட்டுப் பேர் குணமாகிறார்கள். முன்கூட்டியே வந்தால் ஏறக்குறைய எல்லாருமே பிழைக்கிறார்கள். ஒரு விரையை எடுத்தாலும் மற்றது நன்றாக இருந்தால் குடும்ப வாழ்க்கைக்குக் குறையில்லை.

"சம்பளம் போயிடுமே" என்கிறீர்களா? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி ஆஸ்பத்திரியில் தங்கும் தொழிலாளிக்கு ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அது யாரும் போடும் பிச்சையல்ல, நம் உரிமை!

மருந்து இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. வாய் திறந்து சொல்ல வேண்டியது மட்டுமே நம் வேலை. இன்றைக்கே வீட்டில் பிள்ளைகளிடம் இதைப் பேசுங்கள்.