பணப்பெட்டியின் திறவுகோல் யார் கையில்?

மொழியுரிமைக்கும் காணியுரிமைக்கும் குரலெழுப்பிய நாம், பணத்தின் ஆட்சி எவரிடம் உளது என்று கேட்க மறந்தோம். அம்மறதியின் விலை சிறிதன்று.

அமெரிக்க வரலாற்றைப் பாருங்கள். 1791-ல் ஹமில்ற்றன் தேசிய வங்கியொன்றை நிறுவ முனைந்தபோது, அரசியலமைப்பு மத்திக்கு அவ்வதிகாரத்தை வழங்கவில்லை என்று ஜெபர்சன் வாதாடினார். 1832-ல் இரண்டாவது வங்கியின் சாசனத்தைப் புதுப்பிக்கும் மசோதாவை ஜனாதிபதி ஜாக்சன் தடுத்து வீழ்த்தினார். வங்கி ஒழிந்தது, நெருக்கடி ஒழியவில்லை. 1837-லும் 1907-லும் பீதி அந்நாட்டை உலுக்கியது. ஈற்றில் 1913-ல் அவர்கள் கண்ட வழி யாது? மேலே ஒரு சபை. கீழே பன்னிரண்டு பிராந்திய வங்கிகள். அவற்றின் தலைவர்களுள் ஐவர் இன்றும் வட்டியை நிருணயிக்கும் குழுவில் வாக்களிக்கின்றனர்.

அந்த அமைப்பிலிருந்தே எமது மத்திய வங்கியின் முதல் ஆளுநர் ஜோன் எக்ஸ்ரர் வந்தார். தமிழரசுக் கட்சி தோன்றிய அதே 1949-ல் நாணய விதிச் சட்டம் பிறந்தது. 1950 ஆகஸ்ட் 28-ல் வங்கி திறக்கப்பட்டது. அறிஞர் வந்தார், பன்னிரண்டு பிராந்தியங்களின் தத்துவம் வரவில்லை! மூவர் கொண்ட நாணயச் சபை கொழும்பில் அமர்ந்தது.

அதே 1950-ல் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் இயங்கத் தொடங்கிற்று. கல் எம்முடையது, தீர்மானம் கொழும்பினுடையது. 1990-ல் போர் அதனை மூடிற்று. கல்லுக்கு நேர்ந்ததே காசுக்கும் நேர்ந்தது.

2022 ஏப்ரிலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. பணவீக்கத்தை அடக்க அது வேண்டியிருந்தது என்பர், இருக்கலாம். ஆனால் கடன்பட்டு வெங்காயம் நட்ட கமக்காரனின் நிலையை அச்சபையில் எடுத்துரைக்க எவர் இருந்தார்?

2023-ன் 16-ஆம் இலக்கச் சட்டம், பணம் அச்சிட்டு அரசுக்குக் கடன் கொடுக்கும் வழக்கத்தைத் தடுத்தது. அதனை வரவேற்கிறோம். ஆயினும் ஆளுநரும் அறுவரும் கொண்ட ஆளுகைச் சபையிலே மாகாணங்களுக்கென ஓர் ஆசனமேனும் உண்டா? இல்லை. நிதியமைச்சர் விதந்துரைக்க, அரசியலமைப்புப் பேரவை அங்கீகரிக்க, ஜனாதிபதி நியமிக்கிறார். மாகாணத்தை எவரும் கேட்பதில்லை.

நாணயத்தைப் பிரிப்பதா என்று சிலர் கூச்சலிடுவர். நாணயம் ஒன்றாகவே இருக்கட்டும். அமெரிக்காவிலும் டொலர் ஒன்றே. நாம் கேட்பது தனிக்காசன்று, வாக்குள்ள ஆசனம்.

சட்டமறிந்தோர் திருத்தத்தை வரையட்டும். கமக்காரர் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றட்டும். எமது பிரதிநிதிகள் அதனைப் பாராளுமன்றத்தில் வைக்கட்டும். திறவுகோலில் பங்கில்லாதவனுக்குப் பெட்டியில் பங்கு கிடைத்ததில்லை.