"யோகா பண்ணு, சரியாகிவிடும்" என்று சொல்பவர்களுக்கு

தலைப்பைப் பார்த்துவிட்டு இது பெண்கள் விஷயம் என்று ஆண்கள் நகர வேண்டாம். பையன்களும் மாப்பிள்ளைகளும்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

மாதவிலக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே, சிலருக்கு இரண்டு வாரம் முன்பிருந்தேகூட, உடம்பும் மனசும் படாத பாடு படும். வயிறு உப்புசம், மார்பில் கனம், தலைவலி, தூக்கமின்மை, சின்ன விஷயத்துக்கும் எரிச்சல், அழுகை. விலக்கான சில நாளில் தானாகத் தணிந்துவிடும். டாக்டர்கள் இதை பி.எம்.எஸ். என்கிறார்கள். கருமுட்டை வெளியான பிறகு ஹார்மோன்கள் ஏறி இறங்குவது எல்லாப் பெண்களுக்கும் உண்டு. சிலருடைய உடம்பு அதை அதிகமாக உணர்கிறது. இதில் நடிப்பும் இல்லை, திமிரும் இல்லை.

இதற்கு யோகா உதவுமா? உதவும் என்பதே என் கருத்து. மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக விட்டாலே படபடப்பு குறையும். பாலாசனத்தில் முதுகும் இடுப்பும் தளரும். பட்டாம்பூச்சி ஆசனம், சுவரில் கால்களைத் தூக்கி வைத்துப் படுப்பது, கடைசியில் சவாசனம். மொத்தம் இருபது நிமிடம் போதும். ஆனால் கஷ்டப்படும் நாளில் மட்டும் பாயை விரித்தால் போதாது, மாதம் முழுக்கப் பழக வேண்டும். பலருக்குத் தொந்தரவு குறைவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள். அதனால் "ஐந்தே ஆசனம், அடியோடு தீரும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். புனேயில் பெண்களுக்கென்றே யோகா நூல் எழுதிய கீதா ஐயங்கார்கூட எல்லா நாளுக்கும் ஒரே பயிற்சி என்று வைக்கவில்லை. தரையில் உட்கார முடியாதவர்கள் நடைப்பயிற்சி செய்யலாம், அதுவும் நல்லதுதான்.

என் சண்டை யோகாவோடு அல்ல, அதைச் சொல்லும் விதத்தோடு. வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னதும், "யோகா பண்ணு, சரியாகிவிடும்" என்று பேச்சை முடித்துவிடுகிறோம். காலை ஐந்தரைக்கு எழுந்து, பால் காய்ச்சி, டிபன் செய்து, மதியச் சாப்பாடு கட்டி, பிள்ளையைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடுகிறவளுக்கு அந்த இருபது நிமிடம் எங்கே இருக்கிறது? நேரம் கொடுக்காமல் யோசனை மட்டும் கொடுத்தால், அவள் செய்யாமல் விட்ட வேலைகளில் யோகாவும் ஒன்றாகச் சேரும். வலியும் அவள் குற்றமாகிவிடும். யோசனை சொல்பவர் முதலில் தோசைக்கரண்டியைக் கையில் எடுக்கட்டும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். இரண்டு மாதம், எந்தத் தேதியில் என்ன தொந்தரவு என்று காலண்டரில் குறித்து வையுங்கள். டாக்டரிடம் போனால் அந்தக் குறிப்புதான் பெரிய உதவி. தைராய்டு கோளாறும் மனச்சோர்வும்கூட இதே மாதிரி தோன்றலாம். வேலைக்கோ படிக்கவோ போக முடியாத அளவுக்கு இருந்தாலும், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலும் ஆசனத்தை நம்பிக் காத்திருக்கக் கூடாது. பி.எம்.டி.டி. என்ற அந்தக் கடுமையான நிலையை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் தன் கையேட்டில் தனி நோயாகவே சேர்த்தது. அதற்குச் சிகிச்சை உண்டு.

இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கும் ஒன்று. ஜூன் 21 யோகா தினத்தன்று மைதானத்தில் வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்த விஷயத்தை ஆண் பிள்ளைகளையும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். வகுப்பில் மேஜையில் தலை சாய்த்திருக்கும் பெண்ணைச் "சோம்பேறி" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

நாளைக் காலை உங்கள் வீட்டில் அந்த இருபது நிமிடத்தை யார் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? பதிலைக் கீழே எழுதுங்கள். கட்டாயம் படிப்பேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்