கல்லுக்குக் காவல் இருக்கு, குடியிருப்பவருக்கு?

"வீடு விற்பனைக்கு. இரண்டு குடும்பம் வசிக்கலாம். புதிதாகப் பழுது பார்த்தது. புராதனமான வட்டாரம்."

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இப்படி விளம்பரம் வருவது சகஜம். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும். பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் வட்டாரத்தில் நன்றாகப் புதுப்பித்த வீடு 20 லட்சம் டாலரையும் தாண்டிப் போகிறது. அடேயப்பா!

அப்படி என்னதான் இருக்கு அந்த வீட்டில்?

முகப்பில் பழுப்பு நிற மணற்கல். அதனால்தான் 'பிரவுன்ஸ்டோன்' என்று பெயர். வீடே கல் என்று நினைக்க வேண்டாம். சுவர் செங்கல்தான். தெருப்பக்கம் மட்டும் சில அங்குலக் கனத்துக்குக் கல் பதித்திருப்பார்கள். 19-ம் நூற்றாண்டில் வசதி உள்ளவர்கள் கட்டிக்கொண்ட வீடுகள் இவை. உயரமான படி ஏறினால் பெரிய கூடம். படிக்கட்டுக்கு அடியில் இன்னொரு வாசல்.

அந்த இரண்டாவது வாசல்தான் பின்னாளில் உழைப்பாளிக்குக் கை கொடுத்தது!

சீட்டுப் பணத்தில் வாங்கிய வீடு

20-ம் நூற்றாண்டில் பார்படோஸ் போன்ற மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து கறுப்பின மக்கள் புரூக்ளினுக்குப் பிழைக்க வந்தார்கள். பெண்கள் வீட்டு வேலை செய்தார்கள். ஆண்கள் ஆலைகளில் உழைத்தார்கள். 'சூசூ' என்று ஒன்று போட்டார்கள். வேறொன்றுமில்லை, நம்ம ஊர் சீட்டுதான்! ஆளுக்கு ஒரு முறை மொத்தப் பணம் கைக்கு வரும். அதை முன்பணமாகக் கட்டி வீடு வாங்கினார்கள். ஒரு போர்ஷனில் தாங்கள். இன்னொரு போர்ஷன் வாடகைக்கு. வாடகை கடனை அடைத்தது.

இரண்டு குடும்ப வீட்டின் கணக்கே இதுதான்.

வங்கிகள் உதவினவா? 1930-களில் மத்திய அரசின் வீட்டுக் கடன் அமைப்பு வரைபடம் போட்டு, இந்த வட்டாரத்துக்குச் சிவப்பு வண்ணம் அடித்தது. "ஆபத்தான இடம்" என்று அர்த்தம். அப்புறம் கடன் கிடைப்பது குதிரைக் கொம்பாச்சு. வீட்டுக் கடனில் நிறம் பார்க்கக் கூடாது என்று சட்டம் வர 1968 ஆனது. அதுவரை கூரை ஒழுகினால் யாரிடம் போவது?

1966-ல் செனட்டர் ராபர்ட் கென்னடி வந்து தெருத்தெருவாக நடந்து பார்த்தார். 1967-ல் சீரமைப்பு நிறுவனம் ஒன்று பிறந்தது. வேலையில்லாத உள்ளூர் இளைஞர்களை வைத்தே வீடுகளின் முகப்பைச் செப்பனிட்டார்கள். 1971-ல் ஸ்டைவசன்ட் ஹைட்ஸ் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் ஆனது.

சட்டத்தில் ஓட்டை

பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கியதும் ஊரே கொதித்தது. அதன்பின் 1965-ல் வந்தது நகரின் புராதனச் சின்னச் சட்டம். அந்தச் சட்டப்படி பாதுகாப்பு வட்டாரத்தில் முகப்பு ஜன்னலை மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டும். நல்ல சட்டம். பாராட்டுகிறோம்.

ஆனால் உள்ளே இருக்கும் மனுஷர்?

நியூயார்க்கில் வாடகை உயர்வுக்குக் கடிவாளம் போடும் சட்டம் பெரும்பாலும் 1974-க்கு முன் கட்டிய, 6 வீடுகளாவது உள்ள கட்டடங்களுக்கே. இரண்டு குடும்ப வீடு அதில் வராது. தகுந்த காரணம் இல்லாமல் காலி செய்யச் சொல்லக் கூடாது என்று 2024-ல் இன்னொரு சட்டம் வந்தது. அதிலும் 10 வீடு வரை வைத்திருக்கும் சிறு உரிமையாளருக்கு விலக்கு!

ஆக, படிக்கட்டை மாற்றப் பத்துக் கேள்வி. பல வருஷம் அந்தப் படி ஏறி இறங்கிய குடித்தனக்காரரை மாற்றக் காரணமே சொல்ல வேண்டாம்!

2010-க்கும் 2020-க்கும் இடையில் இந்த வட்டாரத்தில் கறுப்பின மக்கள் தொகை 20 ஆயிரத்துக்கும் மேல் குறைந்தது.

வீட்டை விற்பது தப்பா? இல்லவே இல்லை. கடன் மறுக்கப்பட்ட காலத்தில் ஓட்டுக் கூரையைப் போலக் கட்டிக் காத்த குடும்பத்துக்கு இன்று நல்ல விலை கிடைத்தால் அது நியாயமான கூலி. அதையும் தட்டிப் பறிக்கக் கள்ளக் கையெழுத்துப் பேர்வழிகள் அலைந்தார்கள். முதியவர்களை ஏமாற்றிப் பத்திரத்தை எழுதி வாங்கினார்கள். இந்தப் பத்திரத் திருட்டைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2024-ல்தான் அமலுக்கு வந்தது.

உரிமையாளரே மாடியில் குடியிருந்தால் சலுகை கொடுங்கள். வாங்கி, பூசி, விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கும் அதே சலுகை எதற்கு? வீடு கைமாறும்போது குடித்தனக்காரருக்குப் போதிய அவகாசமும், வேறு இடம் பிடிக்கப் பணமும் கொடுக்கச் சொல்ல வேண்டும். முடிந்தால் அவரே வாங்க முதல் வாய்ப்பு தர வேண்டும். வாஷிங்டன் நகரம் 1980-லேயே அப்படி ஒரு சட்டம் போட்டது. பின்னால் விலக்குகள் புகுந்தாலும், முடியாத காரியம் இல்லை என்று அது காட்டிவிட்டது.

அந்தத் தெருவுக்குப் பெருமை தேடித் தந்தது கல் மட்டும் அல்ல. சீட்டுக் கட்டி அதைக் காப்பாற்றிய ஜனங்களும்தான். முகப்புக்குச் சட்டம் போட்டவர்கள் அவர்களுக்கும் போடட்டும்!