சிறுவனுக்குச் சிறை, சுவருக்கு ஏலம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் கிழக்கு இலண்டனின் ஷோர்டிச் பகுதியிலும் பிரிக் லேன் ஒழுங்கைகளிலும் கூட்டம் அலைமோதுகின்றது. வழிகாட்டிக்குப் பணம் கொடுத்து, சுவர் சுவராக நின்று நிழற்படம் எடுத்துச் செல்லும் அந்தக் கூட்டத்தில் பாரிசிலிருந்தும் ரொறொன்ரோவிலிருந்தும் உறவினர் வீட்டுக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. அங்கே நின்று வியக்கும் அதே பெற்றோர், தமது மகனின் பாடசாலைப் பையில் ஸ்பிரே வண்ணக் குப்பி ஒன்றைக் கண்டால் என்ன சொல்வார்கள்? காவாலி என்பார்கள். கூடாத சேர்க்கை என்பார்கள். மாமன்மார், சித்தப்பாமார் அனைவரையும் கூட்டி வைத்துப் புத்திமதி சொல்வார்கள்.

இந்த இரட்டை நாக்கு தமிழ்ப் பெற்றோரின் கண்டுபிடிப்பன்று. மேற்குலக மாநகரங்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக நடத்திவரும் நாடகத்தின் வசனத்தையே அவர்கள் ஒப்புவிக்கின்றனர். சுவரில் வரைந்தவன் ஏழை வீட்டுப் பிள்ளையாகவோ குடியேறியவர்களின் பிள்ளையாகவோ இருக்கும்வரை அது குற்றம். அதே கோடுகளுக்குச் சந்தையில் விலை படிந்துவிட்டால் அது கலை, சுற்றுலாச் செல்வம், நகரத்தின் பெருமை. இந்த மாயவித்தை எவ்வாறு நிகழ்கின்றது என்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்துகொள்ள வேண்டும்.

நியூயோர்க்கிலிருந்து தொடங்குவதே பொருத்தம். 1971 யூலை மாதம் நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழ் ஓர் இளைஞனைப் பற்றி எழுதியது. கிரேக்க வம்சாவளியினனான அவன், தான் வாழ்ந்த 183ஆம் தெருவின் இலக்கத்தைத் தன் செல்லப் பெயருடன் சேர்த்து 'டாக்கி 183' என்று நகரெங்கும் எழுதிவந்தான். பொதிகளையும் கடிதங்களையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவனது தொழில். போகுமிடமெல்லாம் பெயரை எழுதினான். அச்செய்தி வெளிவந்த பின்னர் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் அவ்வழியே இறங்கினர். கறுப்பினத்தவர், புவேர்ட்டோ ரிக்கோ மக்கள், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் என அவர்கள் பல தரத்தவர். எவராலும் ஏறெடுத்துப் பார்க்கப்படாத தமது பெயர்களை நிலக்கீழ்த் தொடருந்துகளின் மேல் எழுதி நகரம் முழுவதும் ஓடவிட்டார்கள். மாநகர நிர்வாகம் அதற்குச் சொன்ன பதில் கைதும் அபராதமும் தொடருந்துத் தரிப்பிடங்களைச் சுற்றிய முட்கம்பி வேலிகளும்தான்.

அந்தப் பதிலின் உச்சம் 1983 செப்ரெம்பரில் வெளிப்பட்டது. மைக்கல் ஸ்டுவேர்ட் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர், மன்ஹாற்றனில் நிலக்கீழ்த் தொடருந்து நிலையச் சுவரில் எழுதினார் என்று கூறிக் கைது செய்யப்பட்டார். காவற்றுறையினரின் பிடியில் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், மீண்டும் கண்விழிக்காமலேயே 13 நாட்களின் பின் உயிரிழந்தார். வழக்கில் நிறுத்தப்பட்ட காவற்றுறையினர் அறுவரும் 1985இல் விடுவிக்கப்பட்டனர். சுவரில் எழுதினார் என்ற குற்றச்சாட்டின் பெயரால் ஓர் உயிர் போயிற்று. அதற்கு எவரும் பொறுப்பாகவில்லை.

அந்த மரணத்தால் உலுக்கப்பட்டவர்களுள் ஒருவர் ஷான் மிசேல் பாஸ்கியா. எயிற்றியிலிருந்து வந்த தந்தைக்கும் புவேர்ட்டோ ரிக்கோ வம்சாவளித் தாய்க்கும் புரூக்ளினில் 1960இல் பிறந்தவர் அவர். தந்தை ஒரு கணக்காளர் என்பதைத் தமிழ்ப் பெற்றோர் கவனிக்க. மகனோ பதின்ம வயதிலேயே வீட்டை விட்டு வெளியேறி, நண்பர் ஒருவருடன் சேர்ந்து மன்ஹாற்றன் சுவர்களில் 'சேமோ' என்ற புனைபெயரில் எழுதியவர். ஸ்டுவேர்ட் தாக்கப்படும் காட்சியை அவர் வரைந்தது துணியிலன்று. சக ஓவியரான கீத் ஹாரிங்கின் பணிக்கூடச் சுவரில்தான் வரைந்தார். அச்சுவர்த் துண்டை வைத்து நியூயோர்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் 2019இல் தனிக்கண்காட்சியே நடத்தியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 2017 மே மாதம், 1982இல் பாஸ்கியா வரைந்த மண்டையோட்டு ஓவியம் ஒன்று 110.5 மில்லியன் டொலருக்கு ஏலம் போயிருந்தது. பாஸ்கியா 27 வயதில், 1988இலேயே இறந்துவிட்டார். ஒரே நகரம், ஒரே பத்தாண்டு, ஒரே நிறத்தோல். ஒருவர் சுவரில் எழுதிய குற்றத்துக்காகப் பிடிபட்டு இறந்தார். மற்றவருடைய கோடுகளில் செல்வந்தர்கள் முதலிட்டார்கள்.

குயீன்ஸ் பகுதியில் நடந்ததும் இதே கதையின் இன்னோர் அத்தியாயமே. அங்கிருந்த பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்று, உரிமையாளரின் சம்மதத்துடன் உலகெங்குமிருந்து வந்த ஓவியர்களின் கூடமாக ஆண்டுக்கணக்கில் விளங்கிற்று. 'ஃபைவ் பொயின்ற்ஸ்' என்று அழைக்கப்பட்ட அச்சுவர்களைக் காணப் பேருந்து பேருந்தாகச் சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அதனால் அப்பகுதியின் மதிப்பு ஏறிற்று. மதிப்பு ஏறியதும் அடுக்குமாடிகளுக்கான திட்டம் வந்தது. 2013 நவம்பர் மாதத்து ஓர் இரவில் அனைத்து ஓவியங்கள் மீதும் வெள்ளை பூசப்பட்டது. ஓவியர்கள் வழக்குத் தொடுத்தனர். 21 பேரின் 45 ஓவியங்களுக்கு, ஓவியமொன்றுக்கு 150,000 டொலர் வீதம் மொத்தம் 6.75 மில்லியன் டொலர் இழப்பீடு வழங்கும்படி 2018இல் நீதிபதி தீர்ப்பளித்தார். 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இழப்பீடு பெற்றவர்களுள் ஈக்குவடோரில் பிறந்து, பதின்ம வயதில் தொடருந்துகளில் வரைந்து பெயர்பெற்ற லேடி பிங்க் என்ற பெண் ஓவியரும் அடங்குவார். சுவரில் வரைந்தவர்களுக்கு நீதிமன்றம் உரிமை உண்டு என்று சொன்ன அரிய தீர்ப்பு அது. ஆயினும் சுவர்கள் திரும்பி வரவில்லை. அவ்விடத்தில் எழுந்த மாடிக் குடியிருப்புகள் இன்று எந்தப் பெயரில் வாடகைக்கு விடப்படுகின்றன தெரியுமா? அதே 'ஃபைவ் பொயின்ற்ஸ்' என்ற பெயரில்தான். ஓவியங்களை அழித்தவர்களுக்குப் பெயர் மட்டும் இனித்திருக்கின்றது!

இலண்டன் வாழ் தமிழர்கள் தொலைதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2012 மே மாதம், வட இலண்டனின் வூட் கிறீன் பகுதியில், மலிவு விலைக் கடையொன்றின் பக்கச்சுவரில் பாங்சியின் ஓவியம் ஒன்று தோன்றியது. தையல் இயந்திரத்தின் முன் மண்டியிட்டு, பிரித்தானியக் கொடித்தோரணம் தைக்கும் ஏழைச் சிறுவன் அதில் இருந்தான். அரசியின் வைரவிழாக் கொண்டாட்டத்துக்கு வேண்டிய தோரணங்கள் எவருடைய விரல்களால் தைக்கப்படுகின்றன என்ற கேள்வியை அந்தத் தெருவில் நடப்பவர்களுக்காகவே அவர் வைத்திருந்தார். 2013 பெப்ரவரியில் சுவர்த்துண்டு பெயர்த்தெடுக்கப்பட்டு மயாமி நகர ஏலத்துக்குப் போயிற்று. மக்கள் எதிர்த்தார்கள், அங்கு ஏலம் நின்றது. ஆனால் அதே ஆண்டு யூன் மாதம் இலண்டனிலேயே ஏழரை இலட்சம் பவுண்களுக்கும் அதிகமான விலைக்கு விற்பனையாயிற்று. குழந்தைத் தொழிலாளியைப் பற்றிய ஓவியம் செல்வந்தரின் உடைமையாகிவிட்டது.

எல்லாப் பாங்சிக்கும் இந்த மரியாதை கிடைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2025 செப்ரெம்பரில், தரையில் வீழ்ந்து கிடக்கும் எதிர்ப்பாளரை நீதிபதி ஒருவர் சுத்தியலால் ஓங்கி அடிக்கும் ஓவியத்தை இலண்டன் உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் அவர் வரைந்தார். (ஆங்கில நீதிபதிகள் சுத்தியல் பயன்படுத்துவதில்லை என்பது வேறு கதை.) அது உடனடியாக மறைக்கப்பட்டு, இரண்டே நாட்களில் சுரண்டி அகற்றப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பழங்கட்டடம் என்று காரணம் கூறப்பட்டது. காரணம் சட்டப்படி சரியானதாகவே இருக்கலாம். ஆனால் கடைச்சுவரில் இருந்தால் ஏலத்துக்கும் நீதிமன்றச் சுவரில் இருந்தால் சுரண்டலுக்கும் போகும் ஓவியத்தின் விதியைத் தீர்மானிப்பது அழகா, அதிகாரமா?

மெல்பேர்ணில் இதன் வேடிக்கைப் பக்கத்தைக் காணலாம். ஹோசியர் ஒழுங்கையின் ஓவியங்களைக் காட்டி உலகையே அழைக்கும் அந்த நகரம் அமைந்துள்ள விக்ரோறியா மாநிலத்தில், 2007ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதியின்றிச் சுவரில் எழுதுவோருக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை விதிக்க இடமளித்தது. 2010இல் அதே ஒழுங்கையில் இருந்த பாங்சியின் எலி ஓவியத்தை, மாநகர சபை அனுப்பிய துப்புரவுப் பணியாளர்களே விலை தெரியாமல் வண்ணம் பூசி அழித்துவிட்டனர். பாவம், அவர்களுக்கு எந்தச் சுவர் குற்றம், எந்தச் சுவர் செல்வம் என்ற பட்டியல் கொடுக்கப்பட்டிருக்கவில்லை.

பெற்றோரின் பக்கத்திலும் நியாயம் இருக்கின்றது. அதனை மறைப்பது நேர்மையன்று. விடியற்காலையில் கடை திறக்க வரும் தமிழ்க் கடைக்காரர், கதவெங்கும் கிறுக்கலைக் கண்டு வாளியும் தூரிகையுமாக நிற்கும் வேதனை உண்மையானது. ரொறொன்ரோவில் அந்த வேதனையோடு மாநகர சபையின் கட்டளையும் நீண்டகாலம் சேர்ந்து வந்தது. கிறுக்கியவன் எவனாயினும், துடைக்கும் செலவு கட்டட உரிமையாளருக்கே என்றிருந்தது. அதே மாநகர சபை 2012 முதல் தெருவோவியத்துக்கென்று ஒரு திட்டம் வைத்துச் சுவரோவியங்களுக்கு நிதியும் வழங்கிவருகின்றது. தண்டமும் தானமும் ஒரே கையிலிருந்து! ஆபத்தும் உண்டு. 2018 யூன் மாதம் தெற்கு இலண்டனில் தண்டவாளத்தருகே வரையச் சென்ற மூன்று இளைஞர்கள் தொடருந்து மோதி மாண்டனர். எந்தத் தாயும் அந்தச் செய்தியை மறக்கமாட்டாள். ஆகவே தண்டவாளத்துக்குப் போகாதே, உழைத்துப் பிழைப்பவனின் கதவைத் தொடாதே என்று பிள்ளைக்குச் சொல்வது பெற்றோரின் கடமை. வரைவதே இழிதொழில் என்று சொல்வது கடமையன்று, அறியாமை. இரவோடிரவாகச் சுவர்களில் எழுதப்பட்ட அரசியல் முழக்கங்களை வாசித்துக்கொண்டே பள்ளிக்கூடம் போன தலைமுறை, சுவர் பேசும் என்பதை எப்படி மறந்தது?

இளையோருக்கும் ஒரு கேள்வி இருக்கின்றது. கைத்தொலைபேசியில் அழகிய பின்னணி தேடி ஓவியச் சுவரின் முன் நிற்போரில் எத்தனை பேர், அதை வரைந்தவர் யார், அந்தத் தெருவில் முன்பு யார் வாழ்ந்தார்கள், வாடகை ஏறியதால் யார் வெளியேறினார்கள் என்று கேட்கின்றனர்? வண்ணம் பூசிய சுவர் வாடகையை உயர்த்தும் கருவியாகவும் பயன்படுகின்றது. இதனை நன்குணர்ந்தவர் இத்தாலிய ஓவியரான புளூ. பெர்லினின் குறொய்ஸ்பேர்க் பகுதியில், கட்டடங்களின் முழு உயரத்துக்கும் அவர் வரைந்த இரண்டு ஓவியங்கள் அந்நகரின் அடையாளமாகிவிட்டிருந்தன. அவற்றின் எதிரே வெற்று நிலத்தில் வாழ்ந்த வீடற்றோர் அப்புறப்படுத்தப்பட்டு, புதிய கட்டடத்துக்கான ஏற்பாடுகள் நடந்தன. அக்கட்டடத்தின் சாளரக் காட்சியாகத் தன் ஓவியம் இருப்பதை அவர் விரும்பவில்லை. 2014 டிசம்பரில் அவருடைய சம்மதத்துடன் அவருடைய தோழர்களே இரண்டின் மீதும் கறுப்பு வண்ணம் பூசினர்.

2016இல் இத்தாலியின் பொலோனா நகரில் தெருவோவியக் கண்காட்சி ஒன்று ஏற்பாடாயிற்று. புளூவின் சில ஓவியங்கள் அவரைக் கேளாமலேயே சுவர்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டு அதில் வைக்கப்படவிருந்தன. கண்காட்சி தொடங்குமுன், மார்ச் மாதத்தில், ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அந்நகரில் தாம் வரைந்து எஞ்சியிருந்த ஓவியங்கள் அனைத்தையும் அவரும் உள்ளூர் மக்களும் சேர்ந்து சாம்பல் வண்ணம் பூசி அழித்தனர். அவ்வாறு பூசியவர்களிற் சிலர் மீது நகரச் சொத்தைச் சேதப்படுத்தியதாகக் காவற்றுறை முறைப்பாடு பதிவு செய்தது.